‘யூனாவுக்காக’: ஒரு கடற்கரை வீட்டை வாசித்தல்

கவிஞர் ராபின்சன் ஜெஃபர்ஸ் தன் மனைவி யூனாவுக்காகத் தன் கையாலேயே கட்டிய வீடு. கலிஃபோர்னியாவின் கார்மல் கடல்முனையில் நிற்கும் ‘டோர் ஹவுஸ்’ பற்றி யார் எழுதினாலும் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்குகிறார்கள். அழகான வாக்கியம். தாஜ்மகால் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு உடனே பிடித்தும் போகும். ஆனால் அதில் மூன்று சொற்கள் சரியில்லை: ‘கையாலேயே’, ‘கட்டிய’, ‘யூனாவுக்காக’. இந்தக் கட்டுரை அந்த மூன்று சொற்களைப் பற்றியது; மூன்றாவதைப் பற்றியே அதிகம்.

ஜெஃபர்ஸை (1887–1962) நம்மிடையே அதிகம் பேசியதில்லை என்பதால் ஒரு சிறு அறிமுகம். 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் பரவலாக வாசிக்கப்பட்ட கவிஞர்களில் ஒருவர். 1932 ஏப்ரலில் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. மனிதனை நடுவில் வைக்காமல், பாறையையும் கடலையும் பருந்தையும் அளவுகோலாக வைத்து மனிதனைப் பார்ப்பது அவர் கொள்கை. ‘இன்ஹ்யூமனிசம்’ என்று அதற்கு அவரே பெயர் சூட்டினார். 1948இல் ‘தி டபுள் ஆக்ஸ்’ தொகுப்பு வந்தபோது, அதன் அரசியல் கருத்துகளோடு தங்களுக்கு உடன்பாடில்லை என்று பதிப்பகமே ஒரு குறிப்பைச் சேர்த்து வெளியிட்டது. அதன் பிறகு புகழ் சரிந்தது. இன்று அவர் கவிதையைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. வீட்டைப் பார்க்க மட்டும், முன்பதிவு செய்துகொண்டு, சிறு குழுக்களாக ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். கவிதையைவிட வீடு அதிகம் வாசிக்கப்படும் கவிஞர் அவர். ஆகவே வீட்டையே பிரதியாக எடுத்துக்கொண்டு விமர்சிப்பதில் தவறில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 120 மைல். பே ஏரியாவில் வேலை பார்த்த காலத்தில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன்.

முதலில் ‘கையாலேயே’. 1919இல் எழுந்த மூல வீட்டைக் கட்டியவர் மர்ஃபி என்ற உள்ளூர் ஒப்பந்தக்காரர். வேலை செய்தவர்கள் அவருடைய கொத்தனார்கள். ஜெஃபர்ஸ் அவர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டார். கல் சுமந்தார், காரை குழைத்தார். நம் ஊர்க் கட்டுமானத்தில் அதற்கு அருமையான சொல் இருக்கிறது: சித்தாள். கவிஞர் தன் வீட்டுக்கே சித்தாளாகப் போய்த் தொழில் கற்றுக்கொண்டவர். அந்தத் தொழில் கைவந்த பிறகு 1920இல் தொடங்கி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில், ‘ஹாக் டவர்’ என்ற நாற்பதடி உயரக் கோபுரத்தைப் பெரும்பாலும் தனியாகவே எழுப்பினார். கடற்கரையிலிருந்து கல்லை உருட்டிவந்து, முதலில் சாய்தளம் வைத்தும், சுவர் உயர்ந்த பின் கப்பியும் கயிறும் கொண்டும் மேலே ஏற்றினார். காலையில் எழுத்து, பிற்பகலில் கல் வேலை. கோபுரம் முடிகிற காலத்தில்தான், 1924இல், அவருக்குப் பெயர் தந்த ‘டமார்’ தொகுப்பு வந்தது. எனவே ‘கையாலேயே’ என்பது கோபுரத்துக்குப் பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும்போது கொத்தனார்கள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். கவிஞர் யாரிடம் தொழில் கற்றாரோ அவர்கள் இல்லாமல் கோபுரமும் இல்லை.

அடுத்தது ‘கட்டிய’. இந்தப் பெயரெச்சத்தில் வேலை முடிந்துவிட்ட தொனி இருக்கிறது. டோர் ஹவுஸ் அப்படி ஒருநாளும் முடிந்ததில்லை. 1919இல் இருந்தது தாழ்ந்த கூரையுள்ள ஒரு சிறு குடில்: ஒரு முன்கூடம், கீழே ஒரு விருந்தினர் படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை, குடும்பம் முழுதும் படுத்துறங்க மாடியில் பரண். 1916இல் பிறந்த இரட்டைப் பையன்கள் இருவரும் அங்கேதான் வளர்ந்தார்கள். பிறகு கார் நிறுத்தும் கட்டடம் வந்தது, முற்றத்துச் சுவர் வந்தது, கோபுரம் வந்தது, 1930 வாக்கில் சாப்பாட்டு அறை வந்தது. அதற்கும் பின்னால் கிழக்குப் பகுதி தொடங்கப்பட்டு, பாதியில் நின்று, கடைசியில் மகன் டோனனால் அவருடைய குடும்பத்துக்காக முடிக்கப்பட்டது. மின்சாரம் வந்ததே 1949இல்தான். ஆக, நாற்பது ஆண்டுகள். நாவலோடு ஒப்பிடுவதானால், ஒரே மூச்சில் எழுதியது அல்ல; தொடர்கதையாக வந்து, ஆசிரியர் கைவிட்ட அத்தியாயத்தை மகன் எழுதி முடித்தது.

நேரில் பார்க்கும்போது இந்தப் படிப்படியான வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது. மூல வீட்டின் சுவரில் கொத்தனார்களின் ஒழுங்கு இருக்கிறது. கோபுரத்தின் அடியில் கற்கள் பெரிதும் சிறிதுமாக முண்டுகின்றன. மேலே போகப் போகக் கை தேர்ந்திருப்பது தெரிகிறது. சாப்பாட்டு அறையில் நிதானம் வந்துவிட்டது. விரிவாக்கத்தை மூலத்தோடு பொருத்தி மறைக்க யாரும் முயலவில்லை. பழைய வீட்டை விரிப்பவர்களுக்கு இது ஒரு பாடம். இன்று நாம் கூட்டும் அறையைப் பழைய அறைபோலவே காட்டவேண்டும் என்பதில்லை. பழையதை மதித்து அதன் பக்கத்தில் நின்றால் போதும்.

சுவர்களில் உலகத்தின் பல இடங்களிலிருந்து வந்த கற்களையும் பதித்திருக்கிறார்கள்: சீனப் பெருஞ்சுவர், எகிப்தின் பிரமிடு, அயர்லாந்தின் கோபுரங்கள் என்று. முதல் முறை பார்த்தபோது இது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. இரண்டாம் முறை அப்படிப் படவில்லை. எடிசனில் எங்கள் வீட்டு அலமாரியில் தாமிரபரணிக் கூழாங்கல் ஒன்று இருக்கிறது. அது எதையும் தாங்கி நிற்கவில்லை, காட்சிப்பொருள். டோர் ஹவுஸில் தூரதேசத்துக் கல்லும் சுவரின் பகுதியாகிப் பாரம் தாங்குகிறது. புலம்பெயர்ந்தவர்கள் கொண்டுவந்ததை அலமாரியில் வைப்பதா, சுவரில் வைத்துக் கட்டுவதா என்ற கேள்விக்கு, புலம்பெயராத ஒரு தம்பதி தந்த பதில் அது. அதே சமயம், அந்தக் கடல்முனை வெற்றிடமாகக் கிடந்ததும் அல்ல. ரம்சென் ஓலோனி மக்கள் நெடுங்காலம் வாழ்ந்து, சிப்பிமேடுகளை விட்டுச்சென்ற நிலம் அது. தன் நிலத்தில் தனக்கு முன்பிருந்த கைகளைப் பற்றி ஜெஃபர்ஸ் யோசித்தவர்தான். பழங்குடிகளின் கைத்தடங்கள் பதிந்த குகை பற்றி அவருக்கு ஒரு கவிதை உண்டு.

*

இனி மூன்றாவது சொல். யூனாவுக்காக.

யூனாவும் ஜெஃபர்ஸும் சந்தித்தது தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில், 1906இல். அப்போது யூனா வேறொருவரின் மனைவி. அந்த மணம் முறிந்து 1913இல் இவர்கள் மணந்தார்கள். 1914இல் கார்மல் வந்தார்கள். வீடு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு முன்மாதிரியாக இருந்தது இங்கிலாந்தில் யூனா பார்த்து மனத்தில் வைத்திருந்த ஒரு டியூடர் காலக் களஞ்சியம். கோபுரம் என்ற எண்ணத்துக்கு வேர், அயர்லாந்தின் பழங்கோபுரங்கள்மேல் யூனாவுக்கு இருந்த பித்து. கோபுரத்தின் இரண்டாம் தளத்தில் மரப்பலகை வேய்ந்த அறை அவருடையது. பகல் நான்கு மணிக்கு முன் யாரும் வரக்கூடாது என்று வாசலில் பலகை மாட்டியவர் அவர். காலையில் மாடியில் கவிஞர் நடக்கும் காலடி ஓசை நின்றுபோனால், கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் தட்டி ‘வேலை நடக்கட்டும்’ என்று நினைவூட்டுவார் என்றும் சொல்வார்கள்.

இவை எல்லாம் ‘கவிஞருக்கு வாய்த்த நல்ல மனைவி’ என்ற பழைய தட்டில் வைத்துப் பரிமாறப்பட்டவை. நான் கேட்பது வேறு. ஒரு வீட்டின் வடிவத்தை யோசித்தவர், அதன் அறைகளுக்குப் பயனை முடிவு செய்தவர், அதன் நாளை நேரம் பிரித்து வைத்தவர், அதன் வாசலில் யார் எப்போது நுழையலாம் என்று விதித்தவர் யாரோ அவரை அந்த வீட்டின் ஆசிரியர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? கல்லை ஏற்றியவர் மட்டுமே ஆசிரியர் என்றால், மர்ஃபியின் கொத்தனார்களுக்கும் அந்தப் பட்டம் போகவேண்டும். யோசித்தவரே ஆசிரியர் என்றால் யூனாவுக்குப் போகவேண்டும். இரண்டு அளவுகோல்களில் எதை எடுத்தாலும் ஜெஃபர்ஸ் தனியாக நிற்க முடியாது. அவர் தனியாக நிற்பது அளவுகோலை நடுவில் மாற்றும்போது மட்டும்தான்.

இலக்கணத்தில் இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வழக்கமான வாக்கியத்தில் ஜெஃபர்ஸ் எழுவாய், வீடு செயப்படுபொருள், யூனா நான்காம் வேற்றுமை. பெற்றுக்கொள்பவர். கொடைக்கு நேர்வது நான்காம் வேற்றுமை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 1941 தொகுப்பில் யூனாவின் பெயரிலேயே ஒரு கவிதை இருக்கிறது. அதிலும் அவர் கோபுரத்தைப் பெற்றுக்கொள்பவராகத்தான் வருகிறார். ஜெஃபர்ஸ் மட்டுமல்ல. அதே காலத்தில் அயர்லாந்தில் யேட்ஸ், 1917இல் 35 பவுனுக்கு வாங்கிய பாழடைந்த பழங்கோபுரத்தையும் அதை ஒட்டிய குடிலையும் புதுப்பித்து, மனைவி ஜார்ஜுக்காகப் புதுப்பித்தேன் என்று சுவரில் கல்வெட்டாகவே வைக்க ஒரு கவிதை எழுதினார். கட்டட வரைபடத்துக்கு ஸ்காட், கட்டுவதற்கு ராஃபர்ட்டி, உள்ளே வண்ணம் தீட்டும் வேலையில் ஜார்ஜ். கல்லில் மட்டும் ‘நான்’, ‘மனைவிக்காக’.

யூனாவை எழுவாயாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவருடைய கடிதங்கள். ஜேம்ஸ் கார்மன் பதிப்பித்து, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2009, 2011, 2015 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஜெஃபர்ஸ் கடிதத் திரட்டில் யூனாவின் கடிதங்களும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அட்டையில் கவிஞர் முதலில். உள்ளே குடும்பத்தின் அன்றாடத்தை எழுதுவது யூனா. வந்தவர் போனவர், செடி, நாய், பையன்களின் படிப்பு, பயணச் செலவு, கணவரின் மனநிலை. கல் வேலையில் இறங்கிய பிறகுதான் கணவர் தனக்குள் இருந்த வலுவை உணர்ந்தார், அவர் கவிதை மாறியது அப்போதுதான் என்பதை எழுதி வைத்தவரும் யூனாதான். ஜெஃபர்ஸ் பற்றி எந்த ஆய்வாளரும் இன்று சொல்லும் முதல் கருத்து இது. அதாவது அந்த வீட்டைப் பற்றிய முதல் விமர்சகர், அந்த வீட்டில் இருந்த பெண். அவர் சொன்ன கருத்தை எடுத்துக்கொண்டவர்கள், சொன்னவரை நான்காம் வேற்றுமையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. யூனாவே தன்னை அப்படித்தான் வைத்துக்கொண்டார். கணவரின் பெயருக்குப் பின்னால் நிற்பதில் அவருக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. நாம் யார் அவருக்காகப் பட்டம் கேட்க? ஒப்புக்கொள்கிறேன். நான் யூனாவின் மனக்குறையைப் பேசவில்லை. வாசிப்பின் துல்லியத்தைப் பேசுகிறேன். ஒரு பிரதியை இருவர் எழுதியிருக்க, ஒருவர் எழுதியதாகப் படித்தால் பிரதியே தவறாகப் புரியும். ஜெஃபர்ஸின் கவிதையில் மனிதர் சிறியவர், கல் பெரியது, காலம் பத்தாயிரம் ஆண்டு. அந்தக் கண்ணோடு வீட்டுக்குள் போனால், தாழ்ந்த கூரையும், பையன்களுக்கென்று கோபுரத்துக்குள் ஒளித்துவைத்த ரகசியப் படிக்கட்டும், யூனா வாசித்த ஆர்மோனியம் போன்ற சிற்றிசைக் கருவியும் பொருந்தாமல் நிற்கும். இவை எல்லாம் மனித அளவில், ஒரு பிள்ளையின் உயர அளவில் செய்யப்பட்டவை. கவிதையில் மறுத்ததை வீட்டில் அனுமதித்தார் என்று முரணாகக் காட்டுவது எளிய விமர்சனம். இரண்டாவது ஆசிரியரைச் சேர்த்துப் படித்தால் முரண் இல்லை. வீடு ஒரு உரையாடல். ஒருவர் பத்தாயிரம் ஆண்டு என்கிறார், மற்றவர் நாலு மணி என்கிறார்.

*

தமிழிலிருந்து பார்த்தால் ‘யூனாவுக்காக’ என்பது இன்னும் விநோதமாகத் தெரிகிறது. இல்லாள் என்றால் நமக்கு வீட்டுக்கு உரியவள். இல்லான் என்றால் ஒன்றுமில்லாதவன். மொழி இந்த விஷயத்தில் முடிவெடுத்து வெகுகாலமாகிறது. அகம் என்ற சொல்லுக்கு உள், மனம், வீடு மூன்றும் பொருள், ஏ.கே. ராமானுஜன் 1967இல் சங்க அகப்பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது ‘உள்ளக நிலக்காட்சி’ என்ற பொருளில் தலைப்பு வைத்தது இதை நினைத்துத்தான். அகமுடையான், அகமுடையாள் என்று கணவன் மனைவி இருவருக்குமே அகத்தின் உடைமையை வழங்கிய சொற்களும் நம்மிடம் இருந்தன. தேய்ந்துபோய் ஆம்படையான், ஆம்படையாள் ஆகிவிட்டன. சொல்லில் இருவருக்கும் பங்கு. பட்டாவில் ஒருவர் பெயர் மட்டும் என்பது நம் வரலாறு. நாம் யேட்ஸைக் குறைசொல்லும் உயரத்தில் நிற்கவில்லை.

கடற்கரை வீடு என்று எடுத்துக்கொண்டால், நம் மரபில் முதலில் வருவது சிற்றில். சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் வீடு. அதைக் கட்டுவது பெண், சிதைப்பது ஆண் அல்லது அலை. கலித்தொகையில் மணல் வீட்டைக் காலால் மிதித்துக் கலைத்த பயல்தான் வளர்ந்து தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். ஆண்டாள் கண்ணனிடம் சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்சுகிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவமாகவே ஆகிவிட்டது. சிதைப்பது குழந்தைத் தலைவனின் லீலை. ஆண் கல்லால் கட்டிப் பெண்ணுக்குக் கொடுக்கும் மேற்கத்தியக் கதைக்கு நேர் எதிர். ஒன்றில் அவள் பெற்றுக்கொள்பவள்; மற்றொன்றில் கட்டுகிறவள், இழக்கிறவள். இரண்டு கதைகளிலும் இருவரும் சேர்ந்து கட்டும் காட்சி இல்லை.

மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜெஃபர்ஸ் அந்த வெற்று முனையில் சுமார் 2,000 மரங்களைக் கையால் நட்டார் என்பார்கள், யூகலிப்டஸும் சைப்ரஸும். நற்றிணை 172இல் ஒரு புன்னை வருகிறது. விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்து, பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த மரம்; அது உன் தங்கை என்று தாய் சொல்லியிருப்பதால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசப் பெண்ணுக்கு நாணம். ஜெஃபர்ஸின் மரங்கள் வேலி. ஊரை மறைக்க, காற்றைத் தடுக்க, தனிமைக்கு. நெய்தலின் புன்னை உறவு. ஜெஃபர்ஸிடம் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்: அவருடைய நிலத்தில் உறவுமுறை சொல்லி அழைக்க ஒன்றும் இல்லை. இன்று அந்த வேலியைத் தாண்டி, சுற்றிலும் கோடிக்கணக்கான டாலர் வீடுகள் நெருங்கி வந்துவிட்டன. தனிமை தோற்றுவிட்டது.

ஆனால் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். 1950இல் யூனா இறந்தார். அதற்குப்பின் ஜெஃபர்ஸ் பதினோரு ஆண்டுக்கு மேல் அந்த வீட்டில் இருந்தார். அவருக்காக எழுதிய நெடிய இரங்கலை முகப்பாகக் கொண்ட ‘ஹங்கர்ஃபீல்ட்’ 1954இல் வந்தது. கீழ் அறையில் கடலைப் பார்த்த சன்னலோரக் கட்டிலை, வீடு கட்டும்போதே சாவதற்கு நல்ல இடம் என்று தேர்ந்து வைத்ததாக முன்பே கவிதையில் எழுதியிருந்தார். 1962 ஜனவரியில் அதிலேயே இறந்தார். நம் மரபில் கடற்கரையில் காத்திருந்து இரங்குபவள் பெண். இங்கே ஆண். பாறையை அளவுகோலாகக் கொண்டவர் கடைசியில் நெய்தல் திணைக்குள் வந்து சேர்ந்தார். அவர் எழுதியவற்றில் எனக்கு நெருக்கமானவை அந்தக் கடைசிக் கட்டத்துப் பக்கங்களே. ‘நான் உனக்குக் கட்டினேன்’ என்ற பெருமிதம் அங்கே இல்லை.

*

கல் வீட்டை விட்டு மர வீட்டுக்கு வருவோம். பழைய வீட்டை விரிப்பதில் அமெரிக்கக் கட்டடக் கலையின் புகழ்பெற்ற உதாரணம் சான்டா மோனிகாவில் இருக்கிறது. 1977இல் பெர்த்தா கெரி ஒரு பழைய டச்சுக் காலனிய பாணி வீட்டைக் கண்டுபிடித்தார். 1978இல் அவர் கணவர் ஃபிராங்க் கெரி அதை இடிக்காமல், நெளிதகடும் ஒட்டுப்பலகையும் கம்பிவலையும் கொண்டு சுற்றி இன்னொரு வீட்டைப் போர்த்தினார். பழைய காரோட்டும் பாதைமேல் சமையலறை, தரை தார். உள்ளே நின்றால் பழைய வீட்டின் வெளிச்சுவர் தெரியும். அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள். 2012இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அதற்கு 25 ஆண்டு விருது தந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில், பையன்கள் வளர்ந்துவிட்டதால் வீட்டை மறுபடி மாற்றினார்கள். பழைய முரட்டுத்தனம் போய்விட்டது, பிரதி கெட்டுவிட்டது என்று விமர்சகர்கள் சிலர் வருந்தினார்கள். வீட்டை ஒரு நூலாக மட்டும் பார்க்கும் விமர்சனத்தின் எல்லை இது. நூலுக்குள் யாரும் குடியிருப்பதில்லை. வீட்டுக்குள் வளரும் பிள்ளைகள் திருத்தம் கேட்பார்கள். அந்தத் திருத்தங்களையும் சேர்த்துப் படிக்கத் தெரியாதவர் வீட்டை விமர்சிக்கக்கூடாது.

இதையெல்லாம் நான் இப்போது எழுதக் காரணம், நானும் என் கணவரும் நியூ ஜெர்சிக் கடற்கரையில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, அதை என்ன செய்வது என்று ஓராண்டாக விவாதித்துக்கொண்டிருக்கிறோம். பங்களா என்றவுடன் ஊட்டி நினைவு வேண்டாம். ஜெர்சிக் கரையில் அந்தப் பெயரால் அழைக்கப்படுவது, ஒட்டி ஒட்டி நிற்கும் சிறு மர வீடு. கோடையில் மட்டும் தங்குவதற்காகக் கட்டியது. கீழே தவழ்ந்து போகுமளவு இடைவெளி, சுவருக்குள் குளிர்காப்புப் பஞ்சு கிடையாது. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டிப் புயல் பிரிகன்டைன் அருகே கரையேறியபோது இப்படிப்பட்ட வீடுகள்தான் ஆயிரக்கணக்கில் அடிபட்டன. மான்டோலோக்கிங்கில் கடலும் உள்வாய்க் குடாவும் ஒன்றாகிவிட்டன.

அதற்குப் பின் இங்கே வீட்டை விரிப்பது என்பது அழகியல் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை. வெள்ள அபாயப் பகுதியில், புதுப்பிக்கும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தை எட்டினால், வீடு முழுவதும் இன்றைய விதிக்கு வந்தாக வேண்டும். நில மதிப்பு கணக்கில் சேராது. பழைய பங்களாவில் விலையெல்லாம் நிலத்துக்குத்தான். கட்டடத்துக்கு மிகக் குறைவு. எனவே ஒரு சமையலறையையும் ஒரு படுக்கையறையையும் சேர்த்தாலே கோட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் வீட்டைத் தூக்கவேண்டும். அடியில் இரும்பு உத்தரங்களை நுழைத்து, நீரழுத்த ஜாக்கிகளால் அங்குலம் அங்குலமாக உயர்த்தி, மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன்மேல் நிறுத்திவிட்டு, கீழே கம்பங்களை இறக்குகிறார்கள். டெக்சஸில் கால்வெஸ்டன் நகரம் 1900 புயலுக்குப் பிறகு இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி, ஊரையே மேடாக்கியது. பழையதைக் காப்பாற்ற ஒரே வழி, அது நின்ற இடத்திலிருந்து அதைப் பிரிப்பது.

“இடிச்சிட்டுப் புதுசா கட்டிரலாம், கணக்கு அதான் சொல்லுது” என்கிறார் கணவர். “கணக்கு சொல்லட்டும், நீங்க என்ன சொல்றீங்க?” என்று நான் கேட்டால் பதில் வருவதில்லை. நான் விரிக்கத்தான் விரும்புகிறேன்; ஆனால் கடல் ஏறிவரும் கரையில் ஒரு வீட்டைக் கூட்டுவது பிள்ளைகளுக்குச் சொத்தா, சுமையா என்ற அவருடைய கேள்விக்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. இதில் யார் சரி என்பது இக்கட்டுரையின் பொருள் அல்ல. வீட்டை அளந்து, தளவரைபடம் போட்டு, அனுமதி விண்ணப்பத்தை நிரப்பியது நான். ஒப்பந்தக்காரரிடமிருந்து வரும் மின்னஞ்சல்கள் என் கணவரின் பெயருக்கு வருகின்றன, “உங்கள் மனைவிக்குச் சமையலறை பிடிக்குமா?” என்ற கேள்வியோடு. நூறு ஆண்டுக்குப் பிறகும் நான்காம் வேற்றுமைதான். நியூ ஜெர்சிச் சட்டம் இந்த விஷயத்தில் அவரைவிட முன்னேறியது. கணவன் மனைவி வாங்கும் வீட்டை இருவரும் பிரிக்கமுடியாத ஒரே உடைமையாளராக வைத்திருக்கலாம். ஒருவர் சம்மதமின்றி மற்றவர் விற்கமுடியாது. அகமுடையான், அகமுடையாள்.

*

கடைசியாக, நம் எழுத்தைப் பற்றி. புலம்பெயர் தமிழ்ப் புனைவில் வீடு நிறைய வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் விட்டுவந்த வீடு: எரிந்த வீடு, விற்ற வீடு, பங்கு பிரித்த வீடு, யாரோ பூட்டி வைத்திருக்கும் வீடு. அந்த இழப்பு உண்மையானது. யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு நேர்ந்ததை எழுத இன்னும் நிறைய இருக்கிறது. கடற்கரை வீட்டுக்கு நம்மிடம் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) இருக்கிறது. வீட்டையும் வல்லத்தையும் விற்கச்சொல்லும் மகன், மறுக்கும் குரூஸ் மிக்கேல். அந்த மகன்கள்தான் நாம், ஏறத்தாழ. விற்றுவிட்டு வந்த மகன் வந்த இடத்தில் என்ன கட்டினான், யாரோடு சேர்ந்து கட்டினான், அவள் என்ன சொன்னாள், எந்தச் சுவரை வைத்துக்கொண்டார்கள், எதை இடித்தார்கள் என்பதை நாம் எழுதவில்லை. இங்குள்ள வீடு நம் கதைகளில் அடமானமாக வருகிறது, தனிமையாக வருகிறது, பனி அள்ளும் வாசலாக வருகிறது. கட்டப்படும் பொருளாக வருவதில்லை. ஐம்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் சுவரெழுப்பிக்கொண்டிருக்கும் ஒரு சமூகத்துக்கு இது சிறிய விடுபடல் அல்ல. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர்வீடு கேள்விப்பட்ட கதை. அவர்கள் நினைவில் நிற்கப்போவது எடிசன், ஃப்ரீமான்ட், ஷுகர்லேண்ட் வீடுகள்தான். அவற்றை யார் எப்படிக் கட்டினார்கள் என்று நாம் எழுதி வைக்காவிட்டால், ‘அப்பா கட்டிய வீடு’ என்ற ஒரே வாக்கியம்தான் அவர்களிடம் மிஞ்சும்.

டோர் ஹவுஸ் நல்ல பிரதி. ஒருவேளை ஜெஃபர்ஸ் பங்குகொண்டவற்றில் மிக நல்ல பிரதி. கவிதைகளில் அவர் தனியாக இருந்தார். வீட்டில் அவரைத் திருத்த ஒருவர் இருந்தார், கற்றுக்கொடுக்கக் கொத்தனார்கள் இருந்தார்கள், முடித்துவைக்க மகன் இருந்தார். அங்கே போகும் வாசகர்கள் கோபுரத்தின் இரண்டாம் தளத்து அறையில் சற்று நேரம் நிற்கவேண்டும். வழிகாட்டி ‘யூனாவுக்காக’ என்று சொல்லும்போது, மனத்துக்குள் உருபை மாற்றிக்கொள்ளுங்கள். நான்காம் வேற்றுமையை எடுத்துவிட்டு மூன்றாம் வேற்றுமையின் ‘ஓடு’ போட்டால் போதும்.